24 ஆண்டு ஷீட் விரித்த மண்: சிஞ்சியாங் பருத்தி வயல்களில் நுண்நெகிழி – ஒரு நிகழ்வு ஆய்வு

வடமேற்குச் சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் ஷிஹேசி வட்டாரம் பருத்திக்குப் பேர்போனது. அங்கே ஆண்டுதோறும் மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூடும் மெல்லிய நெகிழித் தாள்) விரித்துப் பயிர் செய்த வயல்களின் மண்ணில் நுண்நெகிழி, அதாவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணிய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. 5 ஆண்டு தொடர்ந்து ஷீட் விரித்த வயலில் ஒரு கிலோ மண்ணுக்குச் சராசரி 80.3 துகள். 15 ஆண்டு வயலில் 308. 24 ஆண்டு வயலில் 1,075.6. மண்ணில் கிடந்த பெரிய கிழிசல்களும் இந்தச் சிறு துகள்களும் ஒரே பாலிஎத்திலீன் என்று அகச்சிவப்பு நிறமாலையில் தெரிந்தது. விரித்த ஷீட்தான் துகளாகியிருக்கிறது.

இந்த மூன்று எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் 5 ஆண்டில் ஆண்டுக்கு 16 துகள் வீதம் ஏறியது. 5இலிருந்து 15 வரை ஆண்டுக்கு 23. 15இலிருந்து 24 வரை ஆண்டுக்கு 85. விரிக்கும் ஷீட்டின் அளவு இப்படி ஏறவில்லை, துகளின் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. பழைய ஆண்டுகளில் எடுக்காமல் விட்ட துண்டுகள் இப்போது உடைகின்றன என்பதே இதற்கு நேரான விளக்கம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது ஒரே வயலை 24 ஆண்டு பின்தொடர்ந்த அளவீடு அல்ல. வெவ்வேறு வயல்களை ஒரே காலத்தில் அளந்து, வயதை வைத்து வரிசைப்படுத்தியது. சிதறலும் பெரிது. 5 ஆண்டு வயலில் 80.3க்குக் கூட்டல் கழித்தல் 49.3, 24 ஆண்டு வயலில் 346.8. ஆகவே "ஆண்டுக்கு 85" என்பதைத் துல்லியமான வேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போக்கு உறுதியானது, எண் தோராயமானது.

ஷீட் ஏன் வந்தது, ஏன் போகவில்லை

1970களின் இறுதியில் ஜப்பானிலிருந்து சீனாவுக்கு வந்த முறை இது. அடுத்த 30 ஆண்டில் நாடு முழுதும் பரவிய வேகம் அசாதாரணமானது: 1982இல் ஆண்டுக்கு 6,000 டன் ஷீட், 2011இல் 12 லட்சம் டன். சிஞ்சியாங்கில் இது வேரூன்றியதற்குக் காரணம் தட்பவெப்பம். மழை மிகக் குறைவு, ஆவியாதல் மிக அதிகம், ஏப்ரலில் விதைக்கும்போது மண் குளிர்ந்து கிடக்கும், உப்பும் மேலேறி வரும். ஒரு மெல்லிய ஷீட் இந்த நான்கையும் ஒரே அடியில் சமாளித்தது. மண் சூடாகிறது, ஈரம் நிற்கிறது, உப்பு மேலே வருவது குறைகிறது, களையும் அடங்குகிறது.

1996இல் ஷிஹேசி வட்டாரத்தில் ஷீட்டுக்கு அடியில் சொட்டுநீர் நாடா போடும் முறை சோதிக்கப்பட்டது. நீரை மிச்சப்படுத்துவதில் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நெகிழிக் கோணத்திலிருந்து பார்த்தால் நிலைமை கெட்டது அப்போதுதான். வாய்க்கால் பாசனம் இருந்தவரை, முதல் தண்ணீர் விடும் முன் செடி இளசாக இருக்கும்போதே ஷீட்டை உருவிவிட முடியும். அப்போது அது இழுவைக்குத் தாங்கும், முழு நீளமாக வரும். சொட்டுநீர் நாடா அடியில் போனதும் ஷீட் அறுவடை வரை வயலிலேயே கிடந்தாக வேண்டியதாயிற்று. செப்டம்பர், அக்டோபரில் எடுக்கப் போனால் கையோடு வருவது தூள்.

இதோடு இன்னொன்று சேர்ந்தது: மெல்லிய ஷீட். 1992ஆம் ஆண்டின் தேசியத் தரம் 8 மைக்ரானை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடிப்படையாகக் கொண்டது. சந்தையில் அதைவிட மெல்லியதும் தாராளமாக ஓடியது. எடைக்கு விற்கும் பொருளில் மெலிந்தது அதிகப் பரப்பை மூடும் என்பதால் வாங்குபவரும் மெலிந்ததையே கேட்பார். 2017இல் தரம் திருத்தப்பட்டு, குறைந்தபட்சப் பெயரளவுத் தடிமன் 10 மைக்ரான் ஆனது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

ஒரு ஹெக்டேருக்குள் எத்தனை ஹெக்டேர்

மீந்த ஷீட்டைக் கிலோ கணக்கில் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. பரப்புக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 8 மைக்ரான் பாலிஎத்திலீன் ஷீட், அடர்த்தி 0.92 என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 7.36 கிராம். ஒரு ஹெக்டேரை இடைவெளியின்றி மூட 73.6 கிலோ போதும். சீனாவில் உழவு அடுக்கில் இருக்கலாம் என்று தரம் அனுமதிக்கும் எச்ச ஷீட்டின் வரம்பு ஹெக்டேருக்கு 75 கிலோ. அதாவது, வயல் முழுதும் ஒரு சுற்று ஷீட்டை அப்படியே புதைத்து வைத்த அளவு. சிஞ்சியாங்கின் பழைய பருத்தி வயல்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் சராசரி 255 கிலோ. ஒரு ஹெக்டேர் மண்ணுக்குள் மூன்றரை ஹெக்டேர் ஷீட் கந்தலாகக் கிடக்கிறது.

அந்த 255 எப்படிச் சேர்ந்தது என்பதையும் கணக்கு சொல்லிவிடும். இயந்திரம் பறிக்கும் பருத்திக்கு 2.05 மீட்டர் அகல ஷீட்டை 2.28 மீட்டர் இடைவெளியில் விரிக்கிறார்கள், ஒரு ஷீட்டில் 6 வரிசை. வயலில் 90 சதவீதப் பரப்புக்கு ஷீட் போகிறது, ஹெக்டேருக்கு 66 கிலோ. அதில் 80 சதவீதத்தை ஆண்டுதோறும் ஒழுங்காக எடுத்தாலும் 13 கிலோ தங்கும். 6 ஆண்டுக்குள் 75 கிலோ வரம்பு தாண்டிவிடும். 19 ஆண்டில் 255 கிலோ. உண்மையில் எடுத்தது சில ஆண்டுகளில் இதைவிடக் குறைவாகவும் சில ஆண்டுகளில் கூடுதலாகவும் இருந்திருக்கும். ஆனாலும் பெரிய அலட்சியம் எதுவும் தேவைப்படவில்லை, 20 சதவீதம் கைநழுவினாலே போதும் என்பது இதில் கவனிக்க வேண்டியது.

இனி நுண்நெகிழியின் எடை. 25 செ.மீ. ஆழ உழவு அடுக்கு, அடர்த்தி 1.3 என்றால் ஒரு ஹெக்டேரில் மண் 3,250 டன். கிலோவுக்கு 1,075 துகள் என்றால் மொத்தம் 350 கோடித் துகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் சதுரம் என்று கொண்டால் ஒரு துகளின் எடை 1.84 மைக்ரோகிராம். மொத்த எடை ஆறரைக் கிலோ. துகள்கள் சராசரியில் இதைவிடப் பெரிதாக இருந்தால் எடை சில மடங்கு கூடும். அப்போதும் 255 கிலோவில் அது சிறு பங்குதான்.

இந்த நிகழ்வின் நடுநாடி இங்கேதான் இருக்கிறது. 24 ஆண்டுக்குப் பிறகும் நெகிழியின் எடையில் பெரும்பகுதி இன்னும் கண்ணுக்குத் தெரியும் துண்டாகவே இருக்கிறது. 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று 74 மில்லிகிராம் எடை. அதை இன்று கையால் எடுக்கலாம். விட்டுவைத்தால் அதுவே அரை மில்லிமீட்டர்ச் சதுரங்களாக 40,000 துகள். அப்போது அதை எடுக்க உலகில் கருவி கிடையாது. 255 கிலோவும் இப்படி உடைந்தால் கிலோ மண்ணுக்கு 42,000 துகளைத் தொடும். இன்றைய 1,075ஐ அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் பார்ப்பது வரப்போவதன் முன்னோட்டம் மட்டுமே என்பது விளங்கும்.

துண்டு எப்படி உடைகிறது? ஏப்ரல் முதல் செடி இலை விரித்து நிழல் தரும் வரை புற ஊதாக் கதிர் ஷீட்டின் நடுப்பகுதியைத் தாக்குகிறது. பாலிஎத்திலீன் சங்கிலிகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து அறுபடுகின்றன, நீளும் தன்மை போய் நொறுங்கும் தன்மை வருகிறது. மண்ணுக்குள் போய்விட்டால் இந்தச் சிதைவு ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் உழவு அதை மறுபடி மேலே கொண்டுவருகிறது, மறுபடி வெயில், மறுபடி கொழுவும் சுழல் கலப்பையும். குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும்போதும் ஏற்கெனவே நொறுங்கிய துண்டு கிழிகிறது. மண்ணில் புதைத்து இறுக்கிய ஓரப் பகுதியின் கதை வேறு. வெயில் படாததால் அது வலுவாகவே இருக்கும். எடுக்கும் இயந்திரம் இழுக்கும்போது நொய்ந்த நடுப்பகுதி ஓரத்தை ஒட்டிக் கிழிந்து வந்துவிடும், ஓரம் மண்ணிலேயே தங்கிவிடும். எச்சத்தில் பெரிய துண்டுகள் பெரும்பாலும் இந்த ஓரத்து நாடாக்கள்தான்.

பருத்திச் செடிக்கு நேர்வது

முதல் அடி முளைப்பில். பருத்தி விதையை 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றுகிறார்கள். விதைக்கு அடியில் ஒரு துண்டு படிந்திருந்தால் முளைவேர் ஈரத்தைத் தொடாமல் அதன் மேல் படுத்து ஓடும், இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். விதைக்கு மேலே துண்டு இருந்தால் வேறு சிக்கல். பருத்தி தன் இரு வித்திலைகளையும் சுமந்துகொண்டு மண்ணைப் பிளந்து மேலே வர வேண்டிய பயிர். நெல், கோதுமையின் கூரிய முளை துண்டின் ஓரம் தேடி நழுவிவிடலாம், பருத்தியின் வளைந்த கொக்கிக் கழுத்து அப்படி நழுவாது. வரிசையில் இடைவெளி விழுவதை விதைத் தரத்தின் மேல் போடும் முன், அந்த இடத்தில் 5 செ.மீ. தோண்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, ஆணிவேர். கிடைமட்டமாகக் கிடக்கும் துண்டில் முட்டிய ஆணிவேர் பக்கவாட்டில் திரும்பி 'எல்' வடிவம் எடுக்கும், அல்லது நுனி கருகிக் கோழிக்கால் போலக் கிளைத்துவிடும். கோடையில் சொட்டுநீர் இடைவெளி இரண்டு நாள் தள்ளிப்போனால் முதலில் வாடுவது இந்தச் செடிகள்தான்.

மூன்றாவது, நீரும் உப்பும். துண்டு ஒவ்வொன்றும் மண்ணின் நுண்புழை ஓட்டத்தை அந்த இடத்தில் அறுக்கிறது. நாடாவிலிருந்து சொட்டும் நீர் சீரான குமிழாகப் பரவாமல் துண்டின் மேல் தேங்கி ஓரத்தில் வழிகிறது, அடியில் உலர்ந்த பை உருவாகிறது. உவர் மண்ணில் நீர் போகும் எல்லையில்தான் உப்பு படியும். எல்லை கோணல்மாணலாக இருந்தால் உப்பும் வேர் மண்டலத்துக்குள் திட்டுத்திட்டாகப் படிகிறது. வயல் சராசரி உப்பளவு சரியாக இருக்கும், செடிகள் மட்டும் அங்கங்கே கருகும்.

இவற்றின் மொத்த விளைவை, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு பெரிய தொகுப்பாய்வு 2020இல் எண்ணாக்கியது. எச்ச ஷீட் ஹெக்டேருக்கு 100 கிலோ கூடும் ஒவ்வொரு முறையும் விளைச்சல் 3 சதவீதம், செடி உயரம் 2 சதவீதம், வேர் எடை 5 சதவீதம் குறைகிறது. நீர் ஊடுருவும் வேகம் 8 சதவீதமும், பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் 5 சதவீதமும் சரிகிறது. சீனாவின் விளைநிலங்களில் தங்கிய ஷீட் 5,50,800 டன் என்றும், மாசு கூடிய சில இடங்களில் பருத்தி விளைச்சல் 6 முதல் 10 சதவீதம் குறைந்திருக்கும் என்றும் அதே ஆய்வு மதிப்பிட்டது. 255 கிலோவை 3 சதவீத விதியில் போட்டால் 7.6 வருகிறது, மதிப்பீட்டுக்குள்ளேயே நிற்கிறது.

அதே ஆய்வின் இன்னொரு எண்ணைச் சேர்த்துப் படித்தால்தான் உழவர் ஏன் ஷீட்டை விடவில்லை என்பது புரியும். ஷீட் விரித்த பருவத்தில் விளைச்சல் சராசரியாக 25 முதல் 42 சதவீதம் கூடுகிறது. ஆதாயம் இந்த ஆண்டே கைக்கு வருகிறது, இழப்பு ஆண்டுக்கு அரை சதவீதத்துக்கும் குறைவாக, மழை, பூச்சி, ரக மாற்றம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்து வருகிறது. பக்கத்தில் எச்சம் இல்லாத வயல் ஒன்று ஒப்பிடக் கிடைத்தாலொழிய அது யார் கண்ணிலும் படாது.

தொட்டியில் கண்டதும் வயலில் உள்ளதும்

மேலே சொன்னது எல்லாம் பெரிய துண்டின் வேலை. நுண்துகள் செடியை என்ன செய்கிறது என்பதற்குச் சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகத்திலிருந்து வருகின்றன. அவற்றை வயலுக்குக் கொண்டுவரும்போது அளவைப் பார்க்காமல் விடுவதே இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

நெதர்லாந்தின் வாகனிங்கனில் 2018இல் கோதுமையை வைத்து நடந்த சோதனையில் மண்ணின் எடையில் 1 சதவீதம் நெகிழி கலந்தார்கள். பெர்லினில் 2019இல் வெங்காயத்தாளில் நடந்ததில் பாலியெஸ்டர் இழை 0.2 சதவீதம், மற்றவை 2 சதவீதம். சிஞ்சியாங்கின் 255 கிலோவை 3,250 டன் மண்ணால் வகுத்தால் 0.008 சதவீதம். 1 சதவீதம் என்பது ஹெக்டேருக்கு 32 டன்னுக்கு மேல், மோசமான வயலைப் போல ஏறத்தாழ 130 மடங்கு. ஆகவே 'கோதுமை வளர்ச்சி குன்றியது' என்ற முடிவை அப்படியே இந்த வயலுக்கு ஒட்டக் கூடாது. மறுபக்கமும் உண்டு: வயலில் நெகிழி சீராகக் கலந்திருப்பதில்லை. ஓர நாடா புதைந்த கோட்டில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தால் அங்கே செறிவு சராசரியைப் பல மடங்கு தாண்டியிருக்கும், வேர் வளர்வதும் அந்தக் கைப்பிடி மண்ணில்தான்.

அந்த எச்சரிக்கையோடு பார்த்தாலும் சில செயல்முறைகள் பயனுள்ளவை. பெர்லின் சோதனையில் ஒவ்வொரு நெகிழியும் ஒவ்வொரு விதமாக நடந்தது. பாலியெஸ்டர் இழை மண்ணை உப்பவைத்து அடர்த்தியைக் குறைத்தது, வேர் எடை கூடியது. நைலான் துகளால் இலையில் நைட்ரஜன் கூடியது, ஏனென்றால் அந்தப் பாலிமரிலேயே நைட்ரஜன் இருக்கிறது. 'நுண்நெகிழி செடிக்குக் கெடுதி' என்ற ஒற்றை வாக்கியம் ஏன் நிற்காது என்பதற்கு இது நல்ல சான்று. வடிவமும் வேதியியலும் தெரியாமல் விளைவைச் சொல்ல முடியாது. ஆலிவிதை முளைப்பில் 4.8 மைக்ரான் மணிகள் விதையுறையின் துளைகளை அடைத்து, 8 மணி நேர முளைப்பை 78 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்குத் தள்ளின. ஒரு நாள் கழிந்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது. தாமதம்தான், சாவு அல்ல.

வேருக்குள் நுழைவது பற்றி 2020இல் வந்த இரு ஆய்வுகள் முக்கியமானவை. கோதுமையிலும் லெட்டூஸ் கீரையிலும் 0.2 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளும், ஓரளவு 2 மைக்ரான் மணிகளும் வேருக்குள் போனதைக் காட்டினார்கள். முதன்மை வேரின் தோலைக் கிழித்துக்கொண்டு பக்கவேர் வெளிவரும் இடத்தில் ஏற்படும் இடுக்குதான் வாசல். நீராவிப்போக்கின் இழுவை அங்கிருந்து தண்டுக்கு ஏற்றுகிறது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் நடந்த மற்றதில், நேர்மின்னூட்ட நானோ துகள்கள் வேருக்குள் குறைவாகவே சேர்ந்தும் வளர்ச்சியை அதிகமாக முடக்கின, எதிர்மின்னூட்டத் துகள்கள் உள்ளே அதிகம் போயின. பருத்தி வயலுக்கு இதைப் பொருத்தும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 8 மைக்ரான் தடிமனுள்ள செதில் எந்த இடுக்கிலும் நுழையாது. நுழைய வேண்டுமானால் அது இன்னும் பல மடங்கு சிறுக்க வேண்டும். இன்றைக்குச் சிஞ்சியாங் பருத்தியைக் குறைப்பது துண்டின் இயந்திரவியல் தடை. நானோ அச்சம் அடுத்த தலைமுறை மண்ணுக்கானது.

2025இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு நிலத் தாவரங்களிலும் பாசிகளிலும் சேர்த்து ஒளிச்சேர்க்கை 7 முதல் 12 சதவீதம் குறைவதாகக் கணித்தது. தலைப்புச் செய்திக்கு உகந்த எண். தொட்டிச் சோதனைகளின் அளவுகளும் அதற்குள் கலந்திருப்பதால் ஒரு குறிப்பிட்ட வயலின் இழப்பாக அதை எழுதுவது சரியாகாது.

மண்ணை அளக்கப் போகிறவருக்கு

இரண்டு அளவீடு தேவை, ஒன்றை விட்டு மற்றதைச் செய்வதால் பலனில்லை. பெரிய துண்டுக்கு எடை, நுண்துகளுக்கு எண்ணிக்கை.

பெரிய துண்டு: அறுவடைக்குப் பின், உழவுக்கு முன். வயலில் குறைந்தது 5 இடம், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரம், 30 செ.மீ. ஆழம், 10 செ.மீ. அடுக்குகளாகத் தனித்தனியே. ஷீட்டின் நடு, ஓரம், இடைவெளி மூன்றும் சதுரத்துக்குள் விகிதப்படி வர வேண்டும். வசதிக்காக வரிசைக்கு நடுவில் மட்டும் தோண்டினால் ஓர நாடாக்கள் முழுதும் தப்பிவிடும். கையால் பொறுக்கி, மீதி மண்ணை 5 மி.மீ. சல்லடையில் சலித்து, துண்டுகளை நீரில் ஊறவைத்து மீயொலித் தொட்டியில் கழுவி, 40 முதல் 50 பாகையில் எடை மாறாத வரை உலர்த்தி எடை போட வேண்டும். கழுவாமல் போட்ட எடை பொய் சொல்லும். ஒட்டிய களிமண் ஷீட்டைவிட எடையாக இருப்பது சாதாரணம்.

நுண்துகள்: எஃகுக் கரண்டி, கண்ணாடிப் புட்டி அல்லது அலுமினியத் தாள் மட்டும். 10 முதல் 15 இடத்து மண்ணைக் கலந்து ஒரு மாதிரி. 50 பாகைக்கு மேல் உலர்த்தக் கூடாது, மெல்லிய செதில் சுருண்டுவிடும். முதல் சிக்கல் மண்கட்டி. சீனாவின் தியான்சி ஏரிக்கரை விளைநிலங்களில் கிடைத்த துகள்களில் 72 சதவீதம் மண்கட்டிகளுக்குள் சிறைப்பட்டிருந்தன. எனவே சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஒரு இரவு குலுக்கிக் கட்டியை உடைக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்து மிதக்கவிடுவது. ஷீட் துகளை மட்டும் தேடினால் தெவிட்டிய சமையலுப்புக் கரைசல் போதும், அடர்த்தி 1.2. பாலிஎத்திலீன் அதில் தாராளமாக மிதக்கும். பாலியெஸ்டர் இழை 1.38, பிவிசி இன்னும் கூடலாம். அவையும் வேண்டுமென்றால் 1.6க்கு மேல் வரும் சோடியம் அயோடைடு அல்லது துத்தநாகக் குளோரைடு வேண்டும். முன்னது விலை கூடியது, வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். பின்னது அரிக்கும், கழிவை முறையாக அகற்ற வேண்டும். ஒரே மாதிரியை மூன்று முறை மிதக்கவிட்டுச் சேகரிப்பது நல்லது.

கரிமப் பொருளை நீக்க 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 50 பாகைக்குள். இரும்பு வினையூக்கி சேர்த்தால் வேகம் கூடும், வெப்பமும் கூடும், பனிக்கட்டித் தொட்டி பக்கத்தில் இருக்கட்டும். சிஞ்சியாங் மண் போலச் சுண்ணாம்பு மிகுந்ததில் அமிலம் பட்டதும் நுரை பொங்கிக் குடுவையை விட்டு வெளியேறும், துகளும் கூடப் போகும். ஆகவே மிதக்கவிட்ட பிறகு பிரிந்ததை மட்டும் செரிக்க வேண்டும், மண்ணை நேரடியாக அல்ல. நைட்ரிக் அமிலம் நைலானைக் கரைத்துவிடும், அடர் காரம் பாலியெஸ்டரைத் தின்னும். இரண்டையும் தவிர்ப்பது பாதுகாப்பு.

அடையாளம் காண்பதில் கண்ணை நம்பக் கூடாது. நெகிழியை ஒளிரவைக்கும் நைல் ரெட் சாயம் மலிவு, ஆனால் செரிக்காத தாவரத் துணுக்கும் அதில் ஒளிரும். 300 மைக்ரானுக்கு மேற்பட்டதைச் சாதாரண அகச்சிவப்புக் கருவியில் ஒவ்வொன்றாக வைக்கலாம். 20 மைக்ரான் வரை நுண்ணோக்கி இணைத்த அகச்சிவப்பு, 1 மைக்ரான் வரை ராமன் நிறமாலைக் கருவி. வெப்பச் சிதைவு வாயு நிறப்பகுப்பு எடையைத் தரும், ஆனால் மண்ணின் இயற்கைக் கொழுப்புகள் பாலிஎத்திலீனைப் போலவே சமிக்ஞை கொடுப்பதால் முன்கூட்டியே கரைப்பானில் கொழுப்பை நீக்கியாக வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் மண் போடாமல் செய்யும் 3 வெற்று மாதிரி, நிறமுள்ள பாலிஎத்திலீன் துகள் 30 போட்டு மீட்டுப் பார்க்கும் மாதிரி ஒன்று. மீட்பு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் முழுத் தொகுதியையும் மறுபடி செய்வதே நேர்மை.

எந்த அளவு வரை எண்ணினோம் என்பதை எண்ணோடு சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. தியான்சியில் கிலோவுக்கு 7,100 முதல் 42,960 துகள், ஷிஹேசியில் 1,075 என்பதை வைத்து முன்னது 7 முதல் 40 மடங்கு மோசம் என்று எழுதிவிடலாம். ஆனால் தியான்சியில் கிடைத்தவற்றில் 92 சதவீதம் இழைகள். கழிவுநீரும் கசடும் வந்த வழியின் முத்திரை அது, ஷீட்டின் முத்திரை அல்ல. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. எண்ணிக்கையில் பிரம்மாண்டமான இழைகளின் எடை சில செதில்களுக்கு ஈடாகாது.

சோதனைத் தொட்டியில் 1 சதவீதப் பாலிஎத்திலீன் கலந்துவிட்டு 'மண்ணில் கரிமக் கார்பன் கூடியது' என்று வரும் முடிவுகளையும் சந்தேகத்தோடு பார்க்கலாம். பாலிஎத்திலீனின் எடையில் 86 சதவீதம் கார்பன். எரித்து அளக்கும் கருவிக்கு மண்ணில் மட்கிய இலைதழையும் ஷீட்டும் ஒன்றுதான்.

எடுப்பதற்கான முயற்சிகளும் அவற்றின் கணக்கும்

10 மைக்ரானுக்கு மாறியது சரியான முடிவா? ஒரே மீட்பு வீதத்தில் தடித்த ஷீட் அதிக நெகிழியை மண்ணில் விடும். 10 மைக்ரானில் ஹெக்டேருக்கு 83 கிலோ விரிக்கிறோம். 80 சதவீதம் எடுத்தால் 16.6 கிலோ தங்கும், பழைய மெல்லிய ஷீட்டின் 13 கிலோவைவிடக் கூடுதல். சமமாக வேண்டுமானால் மீட்பு 84 சதவீதத்தைத் தாண்டியாக வேண்டும். 2025க்குச் சீனா வைத்த தேசிய மீட்பு இலக்கு 85 சதவீதம். அதை எட்டினால் பழைய நிலையில் நிற்கலாம், அவ்வளவுதான். தடிமனின் உண்மையான பயன் எடுக்கும்போது நீளமாக வருவதில் இருக்கிறது. எடுக்காத வயலில் அது சுமையைக் கூட்டுகிறது.

மீட்பு வீதத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இயந்திரம் சுருட்டிய கட்டில் மண்ணும் நறுக்கிய பருத்தித் தட்டையும் கலந்திருக்கும். அந்தக் கட்டை அப்படியே எடை போட்டு, விரித்த எடையால் வகுத்தால் 100ஐத் தாண்டிய வீதம்கூட வரும். கட்டிலிருந்து மூன்று இடத்தில் ஒரு கிலோ எடுத்து, கழுவி, தட்டையைப் பொறுக்கி, உலர்த்தி, நெகிழியின் பங்கைக் கண்டபின்தான் வகுக்க வேண்டும். அதைவிட நம்பகமானது எதிர்ப்பக்கத்திலிருந்து அளப்பது: எடுத்து முடித்த வயலில் 10 மீட்டர் நீளத்துக்கு ஓரம் உட்பட 10 செ.மீ. தோண்டித் தங்கியதை எடை போடுவது.

வேலை வரிசையில் ஒரு மாற்றம் பெரும் வேறுபாடு தருகிறது. பருத்தித் தட்டையை நறுக்கிவிட்டு ஷீட்டை எடுத்தால் நறுக்கிய துண்டுகள் ஷீட்டோடு பின்னிக்கொள்ளும், நறுக்கும் கத்தி தாழ்ந்தால் ஷீட்டையே துண்டாக்கும். தட்டையை அகற்றி ஓரமாக ஒதுக்கி, ஓரத்து மண்ணை ஓரத் தட்டுகளால் தளர்த்தி, பிறகு ஷீட்டைத் தூக்கும் வரிசை நல்லது. மண் ஈரம் கூடினால் ஷீட் ஒட்டும், மிகக் காய்ந்தால் நொறுங்கும். பழைய எச்சத்துக்குச் சீப்புப் பற்கள் கொண்ட கருவியால் வசந்தத்தில், விதைப்புக்கு முன் 10 செ.மீ. வரை வாரலாம். முதலில் விதைப் படுக்கையைத் துப்புரவாக்குவது முளைப்புக்கு உடனே உதவும். அதற்குக் கீழே 20 செ.மீ.யில் கிடப்பதை ஆழ உழுது மேலே கொண்டுவந்தபின்தான் எடுக்க முடியும். அப்படிக் கொண்டுவந்த ஆண்டில் வாராமல் விட்டால் அது வெயிலில் நொறுங்கி முன்பைவிட மோசமாகும்.

மட்கும் ஷீட், பெரும்பாலும் பிபிஏடி என்ற மட்கும் நெகிழியின் கலவை, எடுக்கும் வேலையையே இல்லாமலாக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. வறண்ட பருத்தி நிலத்தில் அதற்கு இரு தடை. ஈரம் காக்க வேண்டிய காலம் முடியும் முன்பே கிழிந்துவிடுவது ஒன்று. மட்கும் ஷீட்டுக்கான ஐரோப்பியத் தரம் 20 முதல் 28 பாகை வெப்பத்தில் வைத்த மண்ணில் 2 ஆண்டில் 90 சதவீதம் மட்குவதைக் கேட்கிறது, நீண்ட குளிரும் வறட்சியும் உள்ள வயல் அந்த ஆய்வக மண் அல்ல என்பது மற்றொன்று. மட்கும் வழியில் அதுவும் நுண்துகளாகித்தான் போகிறது. வாகனிங்கன் கோதுமைச் சோதனையில் மட்கும் ஷீட்டின் எச்சம் பாலிஎத்திலீனைவிடக் கடுமையாகவே பயிரைப் பாதித்தது. அது 1 சதவீத அளவில் என்பதை மறக்க வேண்டாம். ஆண்டுதோறும் விரித்தால் இரண்டு ஆண்டு எச்சம் எப்போதும் மண்ணில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதே வயலில் சொட்டுநீர் நாடாவும் பாலிஎத்திலீன்தான். ஒரு ஷீட்டுக்கு மூன்று நாடா போட்டால் ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் வரும், ஷீட்டைவிட எடை கூடுதல். அது மண்ணில் தங்குவது அரிது. சுவர் தடிமன் 0.2 மி.மீ. அளவில் இருப்பதால் ஒரே இழுப்பில் முழுதாக வருகிறது, மண் ஒட்டாமல் வருகிறது, மறுசுழற்சிக்கு வாங்க ஆளும் இருக்கிறது. ஷீட்டின் கட்டை வாங்க ஆள் கிடைக்காததற்குக் காரணம் அதிலுள்ள மண்ணும் தட்டையும். கழுவும் கூடம் அமைத்தால் கட்டுக்கு விலை வரும். ஆனால் கழுவிய நீரில் உதிர்ந்த செதில்கள் அத்தனையும் இருக்கும். அந்த நீர் இரண்டு படிவுத் தொட்டி தாண்டி, மேலே மிதப்பதை வழித்தெடுத்து, 0.1 மி.மீ. வலையில் வடிகட்டியபின்தான் வெளியே போக வேண்டும். தொட்டியின் அடியில் படியும் சேறு நல்ல வண்டல்போலத் தெரியும், யாராவது வயலுக்குக் கேட்பார்கள். அதில் ஒரு கிலோ எடுத்து எண்ணிப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.